ஊர்ப்பெயரை மாற்ற அரசு யார்?

உருமேனியாவின் மூரெசு ஆற்றைக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோதோத்தசு 2,400 ஆண்டுகளுக்கு முன்னரே 'மாரிசு' என்று எழுதிவைத்தார். அதன்பின் உரோமர் வந்தனர், சிலாவியர் வந்தனர், அங்கேரியர் வந்தனர், செருமானியர் குடியேறினர். அங்கேரியர் 'மாரோசு' என்பர். செருமானியர் 'மீரெசு' என்பர். நா வேறுபட்டது, பெயர் வேறுபடவில்லை. ஓடும் நீரை எந்த அரசும் தன் அரசேட்டில் அடைக்க முடியவில்லை.

ஊர்கள் அவ்வாறு தப்பவில்லை. மூரெசு பாயும் திரான்சில்வேனியாவில் ஊர்தோறும் மூன்று பெயர்கள் வழங்கின. பிராசோவு என உருமேனியர் அழைத்த நகர் செருமானியர்க்குக் கிரோன்சுதாத்து, அங்கேரியர்க்குப் பிராசோ. எவர்க்கும் இதனால் இடர் விளைந்ததில்லை. ஆயினும் அந்நிலத்தை ஆண்ட அங்கேரி அரசு 1898-இல் நான்காம் சட்டத்தை இயற்றிற்று. ஓர் ஊர்க்கு ஒரே பெயர். அதனை உறுதி செய்பவர் உள்நாட்டு அமைச்சர்! உழுது விதைத்து மாய்ந்த மக்கள் வைத்த பெயருக்குத் தலைநகரில் அமர்ந்தவர் ஒப்பம் வேண்டுமாம்!

1920-இல் திரான்சில்வேனியா உருமேனியாவுக்கு உரியதென உடன்படிக்கை ஏற்பட்டது. அடிபட்டவன் வலியை அறிந்திருக்க வேண்டுமன்றோ? அறிந்தும் அதே கோலைக் கையிலெடுத்தான். 1950-இல் பிராசோவு 'இசுத்தாலின் நகர்' ஆக்கப்பட்டது. தாம்பா மலைச்சரிவில் மரங்களைக் கொண்டே அப்பெயரை எழுதிக் காட்டினர். பத்தே ஆண்டில் அது உதிர்ந்தது. 1974-இல் கிளூசு நகரோடு 'நப்போக்கா' என்னும் உரோமர் காலப் பெயரை ஒட்டினார் சௌசெசுகு. பழம்பெயரை மீட்டது நன்றுதானே எனச் சிலர் மயங்கலாம். மக்கள் நாவில் வாழும் பெயரைக் காப்பது வேறு. அங்கேரியரின் 'கோலொசுவார்' என்னும் பெயரை மறைக்கப் புதைகுழியிலிருந்து ஒரு பெயரைத் தோண்டியெடுப்பது வேறு. ஊரார் இன்றும் கிளூசு என்றே சொல்கின்றனர்.

1988-இல் அங்கேரி மொழிச் செய்தித்தாள்களும் உருமேனியப் பெயர்களையே அச்சிட வேண்டுமெனக் கட்டளை பிறந்தது. அதே ஆண்டில் ஏறத்தாழ 13,000 சிற்றூர்களை 5,000, 6,000 எனக் குறைக்கும் திட்டமும் வெளிவந்தது. பெயரை அழித்துப் பழகிய கை ஊரையே அழிக்க நீண்டது! 1989 திசம்பரில் அவ்வாட்சி வீழ்ந்திராவிடின் பல்லாயிரம் ஊர்கள் மண்மேடாகியிருக்கும்.

சிறுபான்மையர் 20 விழுக்காடு வாழும் ஊர்களில் அவர்தம் மொழியிலும் பெயர்ப்பலகை வேண்டுமெனச் சட்டம் வந்தது 2001-இல்தான். கிளூசில் அங்கேரியர் அவ்வளவினும் சற்றே குறைந்துபோயினர். வழக்குமன்றப் படியேறிய பின்னரே, 2017-இல், 'கோலொசுவார்' பலகையேறிற்று.