உறுப்பினர் செய்திகள்: அந்தப் பத்து நிமிடம் வேண்டும்

எங்கள் ஊர் ரோட்டரி சங்கத்தில், வருகிற ஜூலை முதல் வாராந்திரக் கூட்டத்தை மாதத்துக்கு இரண்டாகக் குறைத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. கூடவே, 'உறுப்பினர் செய்திகள்' என்று ஒதுக்கியிருக்கும் பத்து நிமிடத்தையும் எடுத்துவிட்டு, அதையெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் போட்டுக்கொள்ளலாமாம். அடுத்த வியாழக்கிழமை பேசி முடிவெடுக்கப் போகிறார்கள். முப்பது வருடமாக அங்கே உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் என் கட்சியை இங்கே சொல்லிவிடுகிறேன். இரண்டுமே கூடாது.

சங்கத்துக்கு வந்து பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். வியாழன் இரவு ஏழரைக்குத் தலைவர் மணியடித்துத் தொடங்கி வைப்பார். இறைவணக்கம், செயலாளர் அறிக்கை, அந்த வாரத்துப் பிறந்தநாள், கல்யாண நாள் வாழ்த்து. அடுத்து உறுப்பினர் செய்திகள். யார் வேண்டுமானாலும் எழுந்து இரண்டு வார்த்தை சொல்லலாம். பெண்ணுக்கு வரன் அமைந்தது, பேரனுக்குக் காலேஜில் இடம் கிடைத்தது, கண்ணில் புரை எடுத்துக்கொண்டது, எதுவானாலும் சரி. நல்ல செய்தி சொன்னவரிடம் உண்டியல் நீளும், நூறு ரூபாய் போட வேண்டும். அப்புறம் சிறப்புப் பேச்சாளர், நன்றியுரை, நாட்டுப்பண். கடைசியில் 'ஃபெலோஷிப்'. அதற்கு எங்கள் சங்கத்தில் இட்லி, சப்பாத்தி, குருமா என்று பொருள்.

குறைக்கச் சொல்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கடை வைத்திருப்பவருக்கு ஏழரை மணி என்பது வியாபார நேரம். எங்கள் பெண் உறுப்பினர்களுக்கு அது அடுப்படி நேரம். சாப்பாட்டுச் செலவும் கூடிக்கொண்டே போகிறது. மாதம் இரண்டு கூட்டம் நடத்தினால் போதும் என்று ரோட்டரியே 2016-ல் விதியைத் தளர்த்திவிட்டது. ஆனால் அது அனுமதிதானே தவிர, உத்தரவு இல்லையே.

இந்த அமைப்பு எப்படிப் பிறந்தது என்பதை நினைத்துப் பார்க்கலாம். 1905 பிப்ரவரி 23-ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீலும் இன்னும் மூன்று பேரும் ஓர் அலுவலக அறையில் கூடினார்கள். சின்ன ஊரில் வளர்ந்தவர் ஹாரிஸ். பெரிய பட்டணத்தில் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் தவித்ததுதான் காரணம். ஆளாளுக்கு முறைவைத்து ஒவ்வொருவர் அலுவலகத்திலும் கூடியதால்தான் ரோட்டரி என்ற பெயரே வந்தது. சேவை அதற்குப் பின்னால் வந்தது. முதல் பெரிய வேலை, சிகாகோவில் பொதுக் கழிப்பறை கட்ட வைத்தது. போலியோ ஒழிப்பை உலக அளவில் கையில் எடுத்தது 1985-ல். ஆக, முதலில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அதிலிருந்து மற்றதெல்லாம் வந்தது.

எங்கள் சங்கத்திலும் அதே கதைதான். இன்று ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் நாங்கள் இரவலாகக் கொடுக்கும் ஆஸ்பத்திரிக் கட்டில், சக்கர நாற்காலி, வாக்கர் எல்லாம் எப்படி வந்தன? ஒரு கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, "அம்மா இடுப்பெலும்பு முறிந்து வீட்டுக்கு வந்துவிட்டார், தலைப்பக்கம் தூக்கும் கட்டில் கிடைக்காமல் அலைகிறேன்" என்றார். பின்வரிசையிலிருந்து இன்னொருவர், "அப்பா போன பிறகு அது எங்கள் கார் ஷெட்டில்தான் கிடக்கிறது, நாளைக்கே அனுப்புகிறேன்" என்றார். அந்த ஒரு கட்டிலில் தொடங்கியதுதான் எல்லாம். சேவைத் திட்டம் என்று யாரும் அறிக்கை தயாரித்துக்கொண்டு வரவில்லை.

வாட்ஸ்அப்பில் போட்டால் போதாதா என்பவர்களுக்கு இன்னொரு சம்பவம். எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மனைவி காலமான பிறகு தனியாக இருக்கிறார். ஒரு வியாழன், பேத்திக்கு வேலை கிடைத்த செய்தியைச் சொன்னார். எல்லோரும் கைதட்டினோம். நூறு ரூபாய் போட்டார். அடுத்த வியாழனும் எழுந்தார். அதே செய்தி, அதே வார்த்தைகள், அதே சந்தோஷம். மறுபடியும் நூறு ரூபாய். யாரும் சிரிக்கவில்லை. அன்றிரவே செயலாளர் பெங்களூரில் இருக்கும் அவர் மகனைக் கூப்பிட்டுப் பேசினார். டாக்டரிடம் காட்டினார்கள். மறதி நோயின் ஆரம்பம் என்றார்கள். இப்போது மருந்து சாப்பிடுகிறார், கூட ஆள் இருக்கிறது, எங்களில் ஒருவர் வண்டியில் கூட்டிவருகிறோம். அந்த நாட்களிலும் அவர் தினமும் காலையில் குழுவில் பூப்படத்தோடு காலை வணக்கம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். அதைப் பார்த்து யாருக்கு என்ன தெரியும்? போன வாரம் சொன்னது எல்லோர் காதிலும் இருந்ததால்தான் இந்த வாரம் பிடிபட்டது.

நம் வயதுக்காரர் பலருடைய பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். ஒரு வாரம் ஆளைக் காணோம் என்றால் ஏன் என்று கேட்க நாலு பேர் வேண்டும். எங்களுக்கு அந்த வேலையை வருகைப் பதிவேடு செய்கிறது.

மாற்றமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதம் ஒரு கூட்டத்தில் மட்டும் சாப்பாடு போதும். மற்ற வாரங்களில் காபியும் சுண்டலும் வைத்துக்கொள்ளலாம். பேச்சாளரும் வாராவாரம் தேவையில்லை. ஆளில்லாத வாரம் அரை மணியில் முடித்துக்கொள்ளலாம். நேரத்தையும் எல்லோருக்கும் தோதாக மாற்றலாம். எதை வெட்டினாலும் உறுப்பினர் செய்திகளை வெட்டாதீர்கள்.

இதைப் படிக்கும் நம் சங்கத்து நண்பர்கள், ரொம்ப நாளாக வராதவர்கள் உட்பட, அடுத்த வியாழன் அவசியம் வந்து கை தூக்குங்கள். வண்டி ஓட்ட முடியாதவர்கள் முதல் நாளே செயலாளருக்கு ஒரு போன் போட்டால் போதும், அழைத்துப்போக ஆள் வரும்.