செம்பு செய்தவர் வீட்டுப் பிள்ளைகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் தலைநகரின் பயிற்சி நிலையங்களில் சற்று வேறுவிதமான ஒரு கூட்டத்தைக் காணலாம். கையில் தடித்த வழிகாட்டி நூல்களுக்குப் பதிலாக வரைதாளும் பென்சில் பெட்டியும் வைத்திருப்பார்கள். தேசிய வடிவமைப்பு நிறுவனங்களின் 'டாட்' தேர்வுக்கும், ஐஐடிகளின் வடிவமைப்புப் பட்டப்படிப்பில் சேர மும்பை ஐஐடி நடத்தும் 'யூசீட்' தேர்வுக்கும் ஆயத்தமாகும் பிள்ளைகள் இவர்கள். நாளிதழின் பக்கம், செயலியின் முகப்பு, தேர்தல் சின்னம், மருந்துப் பெட்டியின் மேலுறை என நாம் கண்ணால் காண்பவை அனைத்தையும் ஒழுங்குசெய்யும் கல்விக்கான வாசல் அது. அந்த வாசலில் யார் நிற்கிறார்கள், யார் நிற்கவே வருவதில்லை என்பதைப் பற்றி நம் ஏடுகளில் அதிகம் எழுதப்படவில்லை. நீட் தேர்வைப் பற்றி எழுதியதில் நூறில் ஒரு பங்குகூட இராது.

எனக்கும் இதில் அக்கறை தானாக வந்துவிடவில்லை. எங்கள் அலுவலகத்துக்குப் பதாகை எழுதித் தரும் ஓவியத் தொழிலாளி ஒருவர் உண்டு. பூர்வீகம் பந்தேல்கண்ட். கிழக்கு தில்லியின் கடைப் பலகைகளை எழுதியே ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியவர். ஃபிளெக்ஸ் அச்சு வந்தபின் அந்தப் பிழைப்பு போயிற்று. இப்போது வீடுகளுக்கு வண்ணம் பூசுகிறார்; தொழிற்சங்கங்களுக்குச் சுவரெழுத்து எழுதுகிறார். அவருடைய மகள் அரசுப் பள்ளியில் இந்தி வழியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு வந்தார். "நீங்கள் மொழிபெயர்ப்பாளர்தானே, தோழர்? இந்தத் தாளை இவளுக்குக் கொஞ்சம் விளக்குங்கள்" என்றார். ஏதோவொரு பயிற்சி நிலையம் வெளியிட்ட மாதிரி வினாத்தாள் அது. முழுவதும் ஆங்கிலம்.

வாழ்நாளில் பாதியை அறிக்கைகளையும் தீர்மானங்களையும் தமிழாக்குவதில் கழித்தவன் நான். ஒரு வினாத்தாளை இந்தியில் சொல்லிவிட முடியாதா என்று எண்ணினேன். சொற்கள் தடையாக இல்லை. விமான நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில், பயணம் தாமதமானதால் சலிப்புற்றிருக்கும் ஒரு குடும்பத்தை வரைக என்றது ஒரு வினா. எளிய வாக்கியம்தான், சொன்னேன். அவள் சற்று யோசித்துவிட்டு, "அங்கே தரையில் உட்காருவார்களா, அங்கிள்?" என்று கேட்டாள். இல்லை, நாற்காலிகள் இருக்கும் என்றேன். "மூட்டைகளை எங்கே வைப்பார்கள்?" என்றாள். அதற்கு மேல் மொழிபெயர்ப்புக்கு அங்கே வேலை இல்லை.

அடுத்த வினா, கூரையில் சுழலும் மின்விசிறியின் பார்வையில் ஒரு சமையலறையை வரையச் சொன்னது. விளக்கம் கேட்காமலே பென்சிலை எடுத்தாள். அவர்கள் வீடு ஓரறை வீடு. பாதி உயரத்தில் பலகையடித்து அமைத்த பரணில்தான் அவள் படிப்பதும் உறங்குவதும். ஆகவே அம்மாவின் தலை வகிடும், தோசைக்கல் போன்ற அந்தத் தவாவும், மாவுத் தட்டும், தண்ணீர்ச் செம்பின் வாயும் மேலிருந்து பார்க்கையில் எப்படி வட்ட வட்டமாகத் தெரியும் என்பது அவளுக்கு மனப்பாடம். பத்தே நிமிடம். நான் கலை விமர்சகன் அல்லன். ஆயினும் அந்தத் தாளை இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஒரே பிள்ளை, ஒரே காலைப்பொழுது. முதல் வினாவுக்கு அவளுக்கு மதிப்பெண் கிடைத்திருக்காது, இரண்டாவதற்குக் கிடைத்திருக்கும். இயல்பான படைப்புத்திறனையும் கூர்நோக்கையும் அளக்கிறோம் என்று இத்தேர்வுகளின் ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். கூர்நோக்கு என்பது எதை நோக்கியது? காணக் கிடைத்ததைத்தானே கண் கூர்ந்து நோக்கும்? வினா எழுதுபவரின் வரவேற்பறையில் இருப்பவை உலகத்தின் பொதுப்பொருள்கள் ஆகிவிடுகின்றன. பிறர் வீட்டில் இருப்பவை 'நாட்டுப்புறக் கலை' என்ற தலைப்பின்கீழ் ஒரே வினாவாகச் சுருங்கிவிடுகின்றன.

இந்த நாட்டில் வடிவமைப்புக் கல்வி எங்கிருந்து தொடங்கியது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த முரண் இன்னும் உறைக்கும். 1958இல் இந்திய அரசின் அழைப்பின்பேரில் இங்கு வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர் ஓர் அறிக்கை அளித்தனர். அதன் அடிப்படையில்தான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானது. நாடெங்கும் சுற்றிப் பார்த்த அவ்விருவரும் தம் அறிக்கையில் வியந்து வியந்து எழுதிய பொருள் எது தெரியுமா? அரண்மனையோ கோயிற் சிற்பமோ அன்று. நம் வீடுகளில் தண்ணீர் மொள்ளும் செம்பு. எவ்வளவு நீர் கொள்ளும், இடுப்பில் எப்படி அமரும், சாய்க்கும்போது எப்படி வழியும், கைக்கு எவ்வளவு கனக்கும் என ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்து, இதைத் தனியொருவர் வடிவமைத்திருக்க முடியாது, தலைமுறை தலைமுறையாகப் பலர் சேர்ந்து செய்தது என்று முடிவுகட்டினர். அந்தப் பலர் யாவர்? கன்னாரும் குயவரும், அந்தச் செம்பை நாள்தோறும் தூக்கிச் சுமந்த பெண்களுமே. இந்திய வடிவமைப்புக் கல்வியின் ஆதி ஆவணம் அவர்களின் கைத்திறனை வணங்கித்தான் தொடங்குகிறது. அவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த நிறுவனத்துள் எத்தனை பேர் நுழைகிறார்கள் என்று கேட்பது இடதுசாரிகளின் குதர்க்கம் ஆகாது.

மொழியை எடுத்துக்கொள்வோம். யூசீட் வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே. டாட் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும். நீட் தேர்வும் பொறியியலுக்கான முதன்மைக் கூட்டு நுழைவுத் தேர்வும் 2021 முதல் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் நடக்கின்றன. (அதனால் அவை நல்ல தேர்வுகள் ஆகிவிட்டன என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம், அவற்றின் மீதான நம் விமர்சனம் வேறு, அது அப்படியே நிற்கிறது.) வேதியியல் சூத்திரத்தைப் பதின்மூன்று மொழிகளில் அச்சிட முடிந்தவர்களுக்கு, "கீழ்க்காணும் காட்சியை வரைக" என்ற ஒரு வரியைத் தமிழிலும் ஒடியாவிலும் சந்தாலியிலும் அச்சிட முடியாதா? வரையச் சொல்லும் ஒரு தேர்வுக்கு மொழித்தடை இருப்பதைப் போன்ற வேடிக்கை வேறு உண்டோ? ஆனால் மொழிபெயர்ப்பு ஒன்றே தீர்வு என்றும் நான் சொல்லமாட்டேன். அந்த விமான நிலையத்தைத்தான் நான் இந்தியில் சொன்னேனே.

பணம் அடுத்த தடை. விண்ணப்பக் கட்டணமே ஆயிரக்கணக்கில். அந்தத் தொழிலாளிக்கு அது பல நாள் கூலி. வேலை கிடைத்த நாட்களின் கூலி, அதையும் சொல்ல வேண்டும். ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தபோது ஓராண்டுப் பயிற்சிக்கு லட்சத்துக்கு மேல் கேட்டார்கள். இடம் கிடைத்துவிட்டால் நான்காண்டுப் படிப்புக்கான கல்விக் கட்டணமும் விடுதிச் செலவும் சேர்ந்து பத்து லட்சத்தைத் தாண்டும். அரசு நிறுவனத்தைத்தான் சொல்கிறேன். தனியார் பல்கலைக்கழகங்களை இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இட ஒதுக்கீடு உண்டு, மறுக்கவில்லை. அது போராடிப் பெற்ற உரிமை. ஆனால் ஒதுக்கிய இடத்தில் அமர்வதற்கான கட்டணம் ஒதுக்கப்படவில்லையே! தேசிய வடிவமைப்பு நிறுவனம் கல்வி அமைச்சகத்தின்கீழ் இல்லை, வணிகம் மற்றும் தொழில் அமைச்சகத்தின்கீழ் இருக்கிறது என்ற செய்தி பலருக்குத் தெரியாது. 2014ஆம் ஆண்டின் தனிச்சட்டம் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆக்கியது. தேசம் என்பதற்கு அங்கே என்ன பொருள் என்பதை அந்த அமைச்சகத்தின் பெயரே ஓரளவு சொல்லிவிடுகிறது.

இத்தேர்வுகளில் நல்லதே இல்லை என்று எழுதினால் அது நேர்மையன்று. டாட் தேர்வின் இரண்டாம் கட்டத்தில் களிமண், கம்பி, காகிதம் போன்றவற்றைக் கொடுத்துக் கையால் ஒன்றைச் செய்யச் சொல்லும் முறை உண்டு. நான்கில் ஒரு விடையைத் தெரிவுசெய்யும் நீட் பாணியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். கை சிந்திக்கும் என்பதை ஏற்றுக்கொள்ளும் தேர்வுகள் இந்நாட்டில் மிகச் சிலவே. என் வருத்தம் வேறு: மண்ணையும் கம்பியையும் பிறந்தது முதல் அறிந்த பிள்ளை அந்த இரண்டாம் கட்டத்தை எட்டுவதற்குள், அதே மண்ணையும் கம்பியையும் காசு கொடுத்துப் பயின்ற பிள்ளை அங்கே போய் அமர்ந்துவிடுகிறது.

"தரம் கெட்டுவிடும்" என்ற குரல் உடனே எழும். அவர்களுக்குச் சோவியத் நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. புரட்சிக்கு அடுத்த ஆண்டு, 1918இல், பழைய கலைப் பள்ளிகள் கலைக்கப்பட்டுச் சுதந்திர அரசுக் கலைக்கூடங்கள் திறக்கப்பட்டபோது, 16 வயது நிறைந்த எவரும் முன்சான்றிதழ் ஏதுமின்றிச் சேரலாம் என்றார்கள். பசியும் உள்நாட்டுப் போரும் சூழ்ந்திருந்த காலம் அது. அவற்றிலிருந்தே 1920இல் மாஸ்கோவின் 'வ்குதெமாஸ்' எழுந்தது. ரோத்சென்கோ கற்பித்த கூடம் அது. இன்று நம் வடிவமைப்புக் கல்லூரிகளில் பாடமாக வைக்கப்படும் சுவரொட்டிகளும் நூலட்டைகளும் அந்தத் தலைமுறையின் ஆக்கங்கள். கதவைத் திறந்ததால் தரம் கெட்டதா?

நம் நாட்டிலேயே, 1943 வங்கப் பஞ்சத்தைக் கால்நடையாகச் சென்று வரைந்த தோழர் சித்தபிரசாத் பெரும்பாலும் தாமே பயின்றவர். அவருடைய 'பசித்த வங்கம்' நூலின் படிகளைப் பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்தது. எந்தத் தேர்வுக் குழுவும் அவருக்கு அளிக்காத சான்றிதழ் அது.

பள்ளியில் தொடங்காத எதையும் கல்லூரி வாசலில் சரிசெய்ய முடியாது. அரசுப் பள்ளிகளில் ஓவிய வகுப்பு என்ன நிலையில் இருக்கிறது? தமிழகத்தில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் முதலியவற்றுக்கென 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றிருக்கிறார்கள். ஓவிய ஆசிரியரைப் பாதி ஆசிரியராக வைத்திருக்கும் ஒரு சமூகம், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளின் கற்பனையை அளக்கத் தாள் நீட்டுகிறது. முழுநேர ஓவிய ஆசிரியர்களும், எல்லா மாநில மொழிகளிலும் வினாத்தாளும், கைவினைத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு நுழைவுத் தேர்வுக்கு முன் ஓராண்டு இலவச ஆயத்த வகுப்பும் ஒன்றிய அரசின் கைக்கு எட்டாதவை அல்ல. ஆயத்த வகுப்பை அந்தந்த நிறுவனமே தன் வளாகத்தில் நடத்தலாம். கோடையில் அந்தக் கூடங்கள் வெறுமனேதான் கிடக்கின்றன.

அந்தப் பெண் விண்ணப்பித்துவிட்டாள். கட்டணத்தைத் தந்தையின் நண்பர்கள் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் படிவத்தையும் எடுத்துப் பார்த்தோம். அது 'போர்ட்ஃபோலியோ', அதாவது இதுவரை செய்த படைப்புகளின் தொகுப்பைக் கேட்டது. தந்தையோடு சேர்ந்து அவள் எழுதிய சுவர்கள் எத்தனையோ. ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் சுண்ணாம்பு அடித்து அழிக்கப்படுவதுதான் சுவரெழுத்தின் விதி. கைபேசியில் பதினொரு படங்கள் தேறின. கட்டணத்தைப் பார்த்துவிட்டு அந்தப் படிவத்தை மூடிவிட்டோம்.

சென்ற வாரம் மாநாட்டுப் பதாகைக்காக ஒரு தமிழ் வரியை அச்செடுத்துக் கொடுத்தேன். தமிழ் அவளுக்கு ஓரெழுத்தும் தெரியாது. வடிவத்தைப் பார்த்து அப்படியே வரைபவள். தாளை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு 'ழ'வின் மேல் விரலை வைத்தாள். "இதை எங்கே தொடங்கி எழுதுவீர்கள், அங்கிள்? இந்த அச்சில் வால் சரியாக இல்லை. கையால் எழுதியிருந்தால் இப்படி முறிந்திருக்காது" என்றாள்.

ரூபாய்க்குரிய ₹ குறியீட்டை 2010இல் நமக்குத் தந்த உதயகுமார் தமிழகத்தில் பிறந்தவர். மும்பை ஐஐடியில் தமிழ் எழுத்துருவியலை ஆராய்ந்தவர். அவருடைய துறை கேட்கும் கேள்வி ஏறத்தாழ இதுதான் என்று அவளிடம் சொன்னேன். தலையசைத்துவிட்டு, ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, 'ழ'வைக் கையால் எழுதிக் காட்டச் சொன்னாள். எழுதிக் காட்டினேன். இன்னொரு முறை, மெதுவாக, என்றாள்.