நடுவில் நிற்கும் வீட்டின் வருமானம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 34 பேர் பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டிலேயே அதிக விகிதம் இதுதான். இந்த 34 பேரின் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு எவ்வளவு வருமானம்? பத்தாண்டுகளில் அது உயர்ந்ததா, தேய்ந்ததா? ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் மாவட்டத்தின் தனிநபர் வருமானத்தைக் காட்டுவார்கள். அது மாவட்டத்தின் மொத்த உற்பத்தியைத் தலைக்கு வகுத்த சராசரி. அரிசி ஆலை முதலாளியின் லாபமும் நாற்று நடுபவரின் கூலியும் அதற்குள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

தெரிய வேண்டியது இடைநிலை வருமானம். எல்லாக் குடும்பங்களையும் வருமான வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்கும் வீட்டின் வருமானம் அது. பண்ணையார் வீட்டு வருமானம் இரு மடங்கானாலும் இந்த எண் அசையாது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் லவுண்ட்ஸ் என்றொரு கவுண்டி இருக்கிறது. மக்கள்தொகையில் நம் வட்டத்தைவிடச் சிறியது. மக்கள்தொகை சுமார் 10 ஆயிரம், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 1965 தொடக்கத்தில் அங்கே வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பர் பெயர்கூட இல்லை. பெயரைப் பதிந்த குத்தகைக் குடும்பங்களை நிலவுடைமையாளர்கள் வெளியேற்றினார்கள். அவர்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரம் போட்டு வாழ்ந்தார்கள். அந்த மக்கள் தொடங்கிய கட்சியின் சின்னம் கருஞ்சிறுத்தை. 1966-இல் ஓக்லாந்து இளைஞர்கள் எடுத்துக்கொண்ட அந்தப் பெயர், 1972-இல் மும்பையில் தலித் பேந்தராகி, பின்னர் நம் ஊருக்கும் வந்தது.

பத்தாயிரம் பேர் வாழும் அந்த ஊருக்கு அமெரிக்க அரசு இன்றும் இடைநிலைக் குடும்ப வருமானத்தைக் கணிக்கிறது. 2000 வரை பத்தாண்டுக் கணக்கெடுப்பின் நீண்ட படிவத்தில் வருமானக் கேள்வி இருந்தது. பிறகு ஆண்டுதோறும் மாதிரி ஆய்வு வந்தது. சிறிய ஊரில் ஓர் ஆண்டுக்குக் கிடைக்கும் மாதிரி வீடுகள் மிகக் குறைவு என்பதால் 65 ஆயிரம் பேருக்குக் குறைந்த கவுண்டிகளுக்கு ஐந்தாண்டுப் பதில்களைச் சேர்த்தே எண்ணைத் தருகிறார்கள். வருமான வரிக் கணக்கு போன்ற பதிவேடுகளையும் இணைத்து ஆண்டுக் கணிப்பு ஒன்றும் தனியே வெளியாகிறது. ஒவ்வொரு ஆய்வு எண்ணுக்கும் பக்கத்திலேயே பிழை வரம்பு உண்டு. கறுப்பினக் குடும்பங்களுக்குத் தனி எண்ணும் உண்டு; மாதிரி சிறியது என்பதால் அதன் பிழை வரம்பு பெரிது.

காலத்தோடு ஒப்பிடுவதில் கவனம் வேண்டும். 2015–19 எண்ணை 2016–20 எண்ணோடு ஒப்பிடக் கூடாது. நான்கு ஆண்டுகள் இரண்டுக்கும் பொது. விலைவாசியைக் கழிக்காத ஏற்றம் ஏற்றமே அல்ல. 2000-இல் லவுண்ட்ஸில் 13 ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். வெளியேறியவர்கள் யார் என்று பார்க்காமல் இருப்பவர்களின் எண்ணை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. திருப்பூருக்குப் போன நம் இளைஞர்களை எந்த வீட்டுக் கணக்கில் சேர்ப்பது என்பதும் இதே கேள்விதான்.

கணக்கிட்டதால் லவுண்ட்ஸின் வறுமை தீர்ந்துவிடவில்லை. ஆனால் அந்த வறுமையை ஆட்சியாளர்கள் மறுக்க முடியாது.

இங்கே என்ன இருக்கிறது? 2011 சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு, வீட்டில் அதிகம் சம்பாதிப்பவரின் மாத வருமானத்தை மூன்று பெட்டிகளில் அடைத்தது: 5,000 ரூபாய்க்குக் கீழ், 10,000 வரை, அதற்கு மேல். நாட்டின் கிராமப்புறப் பட்டியல் சாதிக் குடும்பங்களில் 83 சதவீதத்துக்கும் மேல் முதல் பெட்டியில் விழுந்தன. நடுவில் நிற்கும் வீடும் அதற்குள்தான். அங்கே 4,500 ரூபாயா, 1,500 ரூபாயா? பெட்டி சொல்லாது.

முதல் தேசியக் குடும்ப வருமான ஆய்வை 2026-இல் நடத்தப்போவதாக மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2025-இல் அறிவித்தது. அந்தக் கணக்காளர் நம் தெருவுக்கு எந்த மாதம் வருவார்? தையில் அறுவடைக் கூலி கையில் இருக்கும். சித்திரையில் வயல் காய்ந்து கிடக்கும். 'போன மாதம் எவ்வளவு' என்று ஒருமுறை மட்டும் கேட்டால் ஒரே வீடு இரண்டு வீடாகத் தெரியும். பயமும் உண்டு. கல்லூரி உதவித்தொகைக்கு வருமான உச்சவரம்பு இரண்டரை லட்சம். சான்றிதழில் எழுதிய தொகைக்கு மேல் வாய் திறக்க எந்தத் தாய் துணிவாள்? பதில் எந்தச் சலுகையையும் பறிக்காது என்ற உறுதியை எழுத்தில் தர வேண்டும்.

மாநில அளவில் ஒரே எண் வெளியிட்டு முடித்துக்கொண்டால் நமக்குப் பயனில்லை. மாவட்டவாரியாக, பட்டியல் சாதிக் குடும்பங்களுக்குத் தனியாக, பிழை வரம்போடு இடைநிலை வருமானம் வேண்டும். மாதிரி போதவில்லையென்றால் தமிழக அரசு தன் செலவில் கூடுதல் வீடுகளைச் சேர்க்கலாம். ஐந்தாண்டு கழித்து அதே கேள்வியை அதே முறையில் மறுபடியும் கேட்க வேண்டும். சட்டப்பேரவையில் இதை எழுப்ப வேண்டிய முதல் பொறுப்பு இம்மாவட்டத்து உறுப்பினர்களுடையது.