17.6 என்றொரு எண்

புராஜெக்ட்டுக்காக மூன்று மாதமாக மைக்ரோ பீம் பேப்பர்களாகப் படித்துத் தள்ளியதில் ஒரு எண் மேல் தீராத கடுப்பு. 17.6 மைக்ரான்.

மெக்கானிக்கல் படிக்காத நண்பர்களுக்குச் சின்ன முன்கதை. ஸ்கேலை மேசை விளிம்பில் நீட்டிவைத்து நுனியை அமுக்கினால் எவ்வளவு வளையும் என்பதற்குப் பாடப்புத்தகத்தில் சூத்திரம் உண்டு. எவ்வளவு மெலிந்தாலும் பொருளின் குணம் மாறாது என்பது அதன் நம்பிக்கை. 2003-ல் லாம் குழுவினர் எபாக்சியில் மெல்லிய கேன்டிலீவர்கள் செய்து அமுக்கிப் பார்த்தார்கள். தடிமன் 115 மைக்ரானாக இருந்தவரை சூத்திரம் கிட்டத்தட்ட சரி. 20 மைக்ரானில் விறைப்பு சூத்திரம் சொன்னதைப்போல் சுமார் 2.4 மடங்கு!

இதைப் பிடிக்க, பொருளுக்கே உரிய ஒரு நீளத்தைக் கணக்கில் சேர்க்கிறது 2002-ல் வந்த திருத்திய கப்பிள் ஸ்ட்ரெஸ் கோட்பாடு. லாம் தரவை அதில் போட்டால் எபாக்சிக்கு 17.6 வருகிறது. இதுவரை அருமை.

அப்புறம்தான் கூத்து. அலுமினியமும் சிலிகான் கார்பைடும் கலந்த பீமா? அதற்கு யாரும் அளக்கவில்லை. ஆகவே "15 மைக்ரான் என்று கொள்வோம்". கொண்டபின் பத்து கிராஃப். முடிவுரை: "தடிமன் குறைந்தால் விறைப்பு கூடுகிறது". கூடாமல்? கூட்டும் உறுப்பை நீங்களேதானே சமன்பாட்டுக்குள் வைத்தீர்கள்!

எதிர் முகாம் எரிங்கனின் நான்லோக்கல் கோட்பாடு. அங்கே சின்னதானால் பீம் பொதுவாக இளகும். ஆனால் நுனியில் பாரம் தொங்கும் கேன்டிலீவருக்கு மட்டும் பழைய விடையேதான் வரும். எல்லை நிபந்தனைகள் சமநிலையோடு முட்டிக்கொள்வதுதான் காரணம் என்று 2017-ல் ரோமானோ குழு காட்டியது. இப்போது இரண்டையும் கலந்து, இரண்டு நீளம் வைத்து எழுதுகிறார்கள். இரண்டு திருகு இருந்தால் எந்த வளைகோட்டையும் பொருத்திவிடலாமே :-)

சோதனை கஷ்டம்தான், மறுக்கவில்லை. விறைப்பு தடிமனின் மும்மடிக்குப் போகிறது. தடிமனில் 10 சதவீதம் பிசகினால் விறைப்பில் 33 சதவீதம் போச்சு. அப்படியானால் லாமின் ஒரு தரவுத் தொகுதியை வைத்து எத்தனை வருடம் ஓட்டுவது? இன்னொருவர் அளந்து சரிபார்க்க வேண்டாமா? "கணக்கு வந்தால் போதும், பேப்பர் போட்டுடலாம்" என்கிறார் ஒரு சீனியர். பேப்பர் வரும். நாளைக்கு அந்த எண்ணை நம்பி ஒருவர் சென்சார் செய்தால்?

என் ரிப்போர்ட்டில் எபாக்சியைத் தவிர வேறு பொருள் கிடையாது. வைவாவில் ஏன் என்று கேட்பார்கள். கேட்கட்டும், பதில் தயார்.