வாய்பாடு மட்டும் போதுமா?

வேதியியல் என்றால் வாய்பாட்டை மனப்பாடம் செய்வது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அது போதாது.

ஆலங்குளம் சந்தையில் வாங்கும் புதினாவையும் நாட்டு மருந்துக் கடைச் சதகுப்பையையும் முகர்ந்து பாருங்கள். மணம் வேறு, ஆயினும் இரண்டிலும் முக்கிய மணப்பொருள் கார்வோனே. 10 கார்பன், 14 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் என்ற வாய்பாடும் ஒன்றே. வடிவமோ கண்ணாடிப் பிம்பம்போல் இடவலம் மாறியது. இடக்கால் செருப்பு வலக்காலுக்குச் சேராததுபோல், மூக்கின் ஏற்பிகளில் இவை வெவ்வேறாகப் பொருந்துகின்றன.

வடிவத்தை ஆராய்ந்தே 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் புரதத்தின் முப்புரி முறுக்கைக் கண்டனர்.

தோழியரே, களிமண்ணும் ஈர்க்குச்சியும் எடுப்போம். நடு உருண்டையைச் சுற்றி நான்கு நிற உருண்டைகளைச் செருகுவோம்; இன்னொன்றில் இரண்டை மட்டும் இடம் மாற்றுவோம். எப்படித் திருப்பினாலும் இரண்டும் பொருந்தா. கரும்பலகை காட்டாததைக் கை காட்டும்.