பற்கறையும் தலைவிதியும்

தர்மபுரி ஜில்லாவில் பல கிராமங்களிலே பிள்ளைகளுடைய பற்கள் பழுப்பேறிக் கிடப்பதும், பெரியவர்களில் சிலருக்கு முதுகும் முழங்காலும் விறைத்துப் போவதும் யாவரும் அறிந்த விஷயமேயாகும். காரணம் கேட்டால், முன்ஜென்ம வினை என்றும் தெய்வக் குற்றம் என்றும் சொல்லுவோர் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பவனைப் பிடிக்கிற வினை, காவிரித் தண்ணீரைக் குடிப்பவனை ஏன் பிடிப்பதில்லை? வினைக்குக் கிணறு பார்த்துப் பிடிக்கவும் தெரியுமா?

உண்மை என்னவெனில், அவ்விடத்துப் பாறைகளிலுள்ள ஃப்ளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருகின்றது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லும் வரம்பு. அதற்கு மேற்பட்ட நீரை வருஷக்கணக்கில் குடித்தால் பல்லும் எலும்பும் கெடும். இதை அறிந்துதான் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு 2013-ல் தொடங்கப்பட்டது. பரிகாரம் செய்தவர்களா அதைக் கொண்டு வந்தார்கள்? தண்ணீரை அளந்தவர்களல்லவா கொண்டு வந்தார்கள்!

நிற்க, ஆற்று நீரைக் கொண்டு வருவது ஒரு வழி. கிணற்று நீரிலிருந்தே ஃப்ளோரைடைப் பிரித்துவிடுவது மற்றொரு வழி. இதற்குப் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்க்கும் நல்கொண்டா முறை நம் தேசத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டதாகும். இப்போது உலோக-கரிமச் சட்டகம் என்றொரு புதுப்பொருளையும் சோதித்து வருகிறார்கள். உலோக அணுக்களை மூலைகளாகவும், கரிம மூலக்கூறுகளைச் சட்டங்களாகவும் வைத்துக் கட்டிய, கண்ணுக்குத் தெரியாத அறைகள் நிறைந்த வீடு என்று இதைச் சொல்லலாம். இரண்டொரு கிராமின் உட்பரப்பு ஒரு கால்பந்து மைதானத்தளவு இருக்கும். அலுமினியம், ஜிர்கோனியம் சேர்ந்த சட்டகங்கள் ஃப்ளோரைடைப் பிடித்துக்கொள்ளுவதைச் சோதனைச்சாலைகளில் கண்டிருக்கிறார்கள்.

இவ்வித்தையை வளர்த்ததற்காக ராப்சன், கிடகாவா, யாகி என்ற மூவருக்கு 2025-ல் ரசாயன நோபல் பரிசு கிடைத்தது. இவர்களில் யாகி, அகதிக் குடும்பத்தில் பிறந்து, அம்மான் நகரில் மின்சாரமும் குழாய்த் தண்ணீருமில்லாத ஓரறை வீட்டில் வளர்ந்தவர். அவருக்கு அறிவு வந்தது எந்தக் குலத்தினால்? எந்தக் கிரகத்தினால்? ராப்சன் 1989-ல் கட்டியது எளிதில் நொறுங்கிற்று. அது நொறுங்குகிறதென்று சொன்னவனை யாரும் பாவியென்று தள்ளவில்லை. குறை கண்டார்கள், மற்றவர்கள் உறுதியாகக் கட்டினார்கள். குறை சொல்லவே கூடாதென்று கட்டி வைத்த சாஸ்திரங்களோ, ஒரு குடம் தண்ணீரையாவது சுத்தம் செய்ததுண்டா?

ஆனால் தோழர்களே! இதையும் ஒரு புது மந்திரமாக நம்பிவிட வேண்டாம். விலை என்ன, எத்தனை முறை கழுவி உபயோகிக்கலாம், உலோகம் நீரில் கசியுமா, மற்ற உப்புகளும் கலந்த நம் கிணற்று நீரிலும் வேலை செய்யுமா என்பவற்றையெல்லாம் கேட்டே ஏற்க வேண்டும். சோதிக்க வேண்டிய தண்ணீர் தர்மபுரியில் இருக்கிறது. சோதிக்கத் தெரிந்தவர்கள் காலேஜுகளில் இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து வைப்பது சர்க்காரின் கடமை. அதுவரை நாம் செய்யத்தக்கது, கிணற்று நீரைப் பரீட்சை செய்யச் சொல்லி அளவைக் கேட்பதும், வரம்பு மீறிய நீரைப் பிள்ளைகளுக்குக் கொடாதிருப்பதுமே. பிள்ளையின் ஜாதகத்தைப் பார்ப்பதற்கு முன் அது குடிக்கும் தண்ணீரைப் பாருங்கள்.