கொழுகொழு என்றால் ஆரோக்கியமா?

"பிள்ளை நல்லா கொழுகொழுன்னு இருக்கு" என்று யாராவது சொல்லிவிட்டால் நம் தாய்மார்களுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அன்று மாலையே கண்ணேறும் கழித்துவிடுவார்கள். ஒட்டிய வயிற்றோடு காலந்தள்ளிய சமூகம் நாம். பிள்ளை பருத்திருந்தால் அது நமக்குச் செல்வமாகத்தான் தெரியும். ஆனால் மூன்று நான்கு வயதிலேயே அளவுமீறிய எடை செல்வமல்ல. நோய்க்குக் கொடுக்கும் முன்பணம். பின்னாளில் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு என்று வட்டியும் முதலுமாகக் கட்ட வேண்டி வரும்.

2022இல் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட 3 கோடியே 70 லட்சம் குழந்தைகள் கூடுதல் எடையோடு இருந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. நம் நாட்டிலோ, 2019 சுகாதார ஆய்வின்படி, அதே வயதினரில் ஐந்தில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. ஒரே பிள்ளை குட்டையாகவும் குண்டாகவும் இருக்கலாம். வயிறு நிறைந்தால் சத்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

முதல் குற்றவாளி நம் அடுப்பங்கரையில் இருக்கும் டின் பால். அதில் பாதிக்கு நெருங்கச் சர்க்கரை. இன்று விற்கும் டின்களில் பல பால்கூட அல்ல. செம்பனை எண்ணெய் சேர்த்த இனிப்பு கிரீமர். இதைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள் என்று டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939இலேயே சிங்கப்பூரில் பேசினார். அந்தப் பேச்சுக்கு அவர் வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. அன்று அந்த டின் பச்சைக் குழந்தைகளை மெலிய வைத்துக் கொன்றது. இன்று பருக்க வைக்கிறது.

இன்னொரு கொடுமை. ரிங்லெட் சுற்றுவட்டாரத்தில் விளையும் கோசும் தக்காளியும் லாரி ஏறிக் கோலாலம்பூருக்குப் போகின்றன. அவை விளையும் மலையில் வாழும் நம் பிள்ளைக்குப் பசியாறக் கிடைப்பது மேகி மீயும் இனிப்புத் தண்ணீரும். இது என்ன நியாயம்?

சரி, பருத்த பிள்ளைக்கு என்ன வைத்தியம்? பட்டினி போடக்கூடாது. மெலிய வைக்கும் மாத்திரை, கஷாயம் எதுவும் வேண்டாம். வளரும் வயதல்லவா? பெரும்பாலான பிள்ளைகளுக்கு எடை மேலும் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். உயரம் கூடக் கூட உடம்பு சரியாகிவிடும். இனிப்புப் பானத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீரும் சர்க்கரை போடாத பாலும் கொடுங்கள். படுக்கையில் பால்புட்டி வேண்டாம். பிள்ளைக்கு மட்டும் தனிச்சட்டம் போடாமல், வீட்டில் எல்லாருமே அந்தச் சாப்பாட்டுக்கு மாறவேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபடி, மூன்று நான்கு வயதுப் பிள்ளை நாளைக்கு மூன்று மணி நேரம் ஓடியாட வேண்டும். கைப்பேசியும் தொலைக்காட்சியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. அரசாங்கக் கிளினிக்கில் மிஸ்ஸியிடம் சொல்லி, ஊசி போட்டதோடு திரும்பாமல், எடையும் உயரமும் அளந்து புத்தகத்தில் குறிக்கச் சொல்லுங்கள். பிள்ளை குண்டாகி, உயரமும் கூடவில்லை என்றால் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும்.

ஆனால் பழியைத் தாய்மேல் மட்டும் போடுவதை நாங்கள் ஒப்பமாட்டோம். இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு ஓடுகிறவள் எந்த நேரத்தில் கீரை ஆய்வாள்? மழையும் குளிரும் கொட்டும் மலையில், லயத்து வாசலில் லாரி ஓடும் இடத்தில், பிள்ளை எங்கே போய் விளையாடும்? 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் பற்றியும் பேசுகிறது. ஆயாக் கொட்டகை என்றால் பிள்ளைகளை அடைத்து வைக்கும் இடமல்ல. அங்கே சூடான நல்ல சாப்பாடு வேண்டும். மழையிலும் ஓடியாடக் கூரை போட்ட இடம் வேண்டும். சம்பள உயர்வு கேட்கும் அதே வாயால் இதையும் கேட்போம்.

டின்னை மூடுவது நம் கையில் இருக்கிறது. கொட்டகையைத் திறக்க வைப்பது நம் ஒற்றுமையில் இருக்கிறது. தோழர்களே, இரண்டையும் செய்வோம்.